மூவாயிரம் சுவர்களில் என் மூக்கு

டிசம்பர் 12, 2023. செவ்வாய்.
புது வருடக் காலண்டர் வந்துவிட்டது. மகன் இராமகிருஷ்ணன் என்னைக் கேட்காமலே அடித்திருக்கிறான். லட்சுமி இருக்க வேண்டிய இடத்தில் நான். பக்கத்தில், அக்டோபரில் மதுரையில் எனக்கு மூக்கில் ஆபரேஷன் செய்த டாக்டர் அய்யப்பன். கம்ப்யூட்டரில் இருவரையும் ஒட்டவைத்திருக்கிறான். கல்யாண ஜோடி மாதிரி நிற்கிறோம். கீழே: “எங்கள் தாயாரின் மூக்குக் கட்டியை வேரோடு அகற்றி முற்றிலும் குணமாக்கிய டாக்டருக்கு நன்றி!!!”

மூன்று ஆச்சரியக்குறி. எதற்கு?

மூவாயிரம் பிரதிகள். இன்று மாலைக்குள் பாதி போய்விட்டதாம். அச்சகம் வைத்திருப்பவனைப் பெற்றால் இப்படித்தான்.

ஜனவரி 19, 2024. வெள்ளி.
பக்கத்து ஊர் விஸ்வநத்தம் போனேன். பட்டாசுக் கம்பெனி ஆபீஸ், டீக்கடை, சலூன், எல்லாச் சுவரிலும் நான். சலூனில் முகத்தில் பாதி சோப்போடு ஒருவர் வாசல்வரை வந்து, “மூக்கு நல்லா இருக்காம்மா?” என்றார். “முற்றிலும்” என்றேன்.

மதுரையில் இன்று மூன்று மாதப் பரிசோதனை. இந்த வகைக் கட்டி திரும்ப வரும், தவறாமல் வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகவில்லை. குணமானவள் எதைக் காட்டுவது?

பிப்ரவரி 7. புதன்.
இடது மூக்கு அடைப்பு. தூசி.

பிப்ரவரி 26. திங்கள்.
தூசி இல்லை.

சமையல் செய்யும் பொன்மணி கைக்குட்டையில் ரத்தம் பார்த்துவிட்டாள். விரலை வெட்டிக்கொண்டேன் என்றேன். “எந்த விரலு பெரியம்மா?” என்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுபத்து நான்கு வயதில் பொய். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் ஜெர்த்ரூத் இதற்கு அரை மணி முட்டிபோட வைத்திருப்பார்.

மார்ச் 4. திங்கள்.
யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி விருதுநகரில் வேறொரு டாக்டரிடம் போனேன். சின்ன வயது. அவர் தலைக்கு மேலே சுவரில் — நான். காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

“அதுல குணமாயிட்டதா போட்டிருக்கேம்மா.”

“அச்சுப்பிழை” என்றேன்.

குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். அதே இடத்தில் முளைத்திருக்கிறது, பட்டாணி அளவு. புற்றாகத் தெரியவில்லையாம். ஆனால் விட்டுவைத்தால் சிலருக்கு அப்படி மாறுமாம், கண் பக்கத்து எலும்பையும் அரிக்குமாம். முதலில் செய்தவரிடமே உடனே போகச் சொன்னார்.

மார்ச் 5. செவ்வாய்.
போனால் ஊர் சிரிக்கும். என் மகன் பொய் அச்சடித்தவன் ஆவான். போகாவிட்டால்? காலையில் தாளைக் கிழிக்கும்போது என் மூஞ்சியே என்னைப் பார்த்து இளிக்கிறது.

சாயங்காலம் அவனிடம் சொன்னேன். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அந்த வரியை விரலால் அளந்தான். பிறகு, “அம்மா, அந்த வரி மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாமா? ஆள் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அப்பா போனபிறகு இவன் முன்னால் அழுததில்லை. பயமா இருக்குலே, கண்ணு போயிருமாம்லே, ஸ்டிக்கர் ஒட்டுதானாம் ஸ்டிக்கர் — என்னென்னவோ சொன்னேன்.

“காலண்டர் கிடக்குது. காலைல மதுரைக்குக் கிளம்புங்க” என்றான்.

மார்ச் 6. புதன்.
டாக்டர் அய்யப்பன் அறையில் காலண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. தாளைக் கிழிக்க அதைத் தினமும் திருப்புவார் போலும். “முற்றிலும்னு நான் சொல்லவே இல்லையேம்மா. பரிசோதனைக்கு வாங்கன்னுதான் சொன்னேன்” என்றார். உண்மை. தலையாட்டினேன். இந்த முறை கட்டி வேர்விட்ட எலும்பையும் சுரண்டுவாராம்.

மார்ச் 14. வியாழன்.
முடிந்தது. வாயால் மூச்சு. அசிங்கம்.

மார்ச் 25. திங்கள்.
பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. பொன்மணி என் விரல்களை எண்ணிப் பார்த்தாள். திமிர்.

ஆகஸ்ட் 3. சனி. ஆடிப்பதினெட்டு.
நேற்று மதுரையில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. “முற்றிலும் என்று எழுதிக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

“நவம்பர்ல வாங்க” என்றார் டாக்டர்.

இன்று இராமகிருஷ்ணன் அடுத்த வருடக் காலண்டரின் புரூஃபைப் பிழை பார்க்கக் கொண்டுவந்தான். லட்சுமி தன் இடத்துக்கு வந்துவிட்டாள். சிவப்புப் பேனா எடுத்து, விடுமுறை போடும் இடத்தில் நான்கு தேதிகளில் நானே எழுதினேன்: “இன்று இராமகிருஷ்ணனின் தாயாருக்கு மூக்குப் பரிசோதனை”

“அம்மா, மூவாயிரம் வீட்டுலயும் போன் போட்டு போனீகளா, போனீகளான்னு கேப்பாக.”

“கேட்கட்டும்” என்றேன்.

ஒவ்வொன்றின் முடிவிலும் அவன் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தான். அடித்துவிட்டுப் புள்ளி வைத்தேன்.