காற்று களவாய் நுழைந்த இடம்

அன்புள்ள இராசமணிக்கு,

நீரும் மாமியும் சுகந்தானே? இங்கே என் வயிறு செழிப்பாக இருக்கிறது.

போன கிழமை வத்தேகமச் சோதனைச்சாவடியில் என் கிழட்டு மோட்டார் சைக்கிள் துவக்குச் சுட்டது போல வெடித்தது. ஆமிக்காரர் படுக்குமுன் நான் படுத்துவிட்டேன். பயப்படாதையும், சேறு மட்டும்தான்.

ஒரு சிப்பாய் சிரித்தான். “மாத்தயா, எழும்பு ஐயா, செத்தது பைக் மட்டும்.”

பையைச் சோதித்தபோது சவர்க்காரம் வெளியே வந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, காபரேட்டர் இஞ்சினோடு சேரும் மூட்டில் சவர்க்கார நுரையைப் பூசினேன். உறுமல் தாலாட்டாயிற்று. காற்று களவாய் நுழைந்த ஓட்டை அதுதான்.

பிறகு மூடுபனிக்குள் மிதந்தேன். பாதை யாழ்ப்பாணத்தில் உம்முடைய வாசல் வரை போவது போலிருந்தது. “இறுக்கிப் பிடியும்” என்று உம்மிடம் சொல்லத் திரும்பினேன். பின்சீற்றில் குடைதான்.

உம்முடைய பழைய தோல்செருப்பை யாரிடமாவது கொடுத்தனுப்பும், அந்த ஓட்டையை அடைக்கத் தோல் வாசர் வெட்ட. சோடியாகவே அனுப்பும். வெட்டும்வரை என் அறை வாசலில் கிடக்கட்டும்.

கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார்.

உம்முடைய
தியாகராஜா