முகாமுக்குப் போன சிப்பி வாளி

யெசுல் அம்மா,

படகுக்குக் கிளம்புகிறேன். நீ தூங்கு. சிப்பி உடைக்கிற கொட்டகையில் இன்று உனக்கு லீவு சொல்லிவிடுகிறேன். அடுப்பில் கடற்பாசி சூப் இருக்கிறது. நம் யெசுலுக்குக் கிம்ச்சி ஊறுகாயையும் வேகவைத்தே கொடு; மருந்து ஏறுகிற உடம்புக்குப் பச்சையாக எதுவும் ஆகாது. இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்றும் சொல்லியிருக்கக் கூடாது.

புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்ப முகாமில் நீ பச்சையாகவே தின்கிற சிப்பி நிறைந்த வாளியோடு இறங்கியதும், எல்லார் முன்னாலும் "பிள்ளையைக் கொல்லவாடி இதத் தூக்கிட்டு வந்தே?" என்று கத்திவிட்டேன். முகாமில் நமக்காக உழைக்கிறவர்களுக்கு என்று விடியுமுன்னே நீ உடைத்த சிப்பி அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நன்றி சொல்ல நம்மிடம் வேறென்ன இருக்கிறது? நீ வாளியைக் குப்பையில் கொட்டினாய். பக்கத்துக் குடும்பத்து அப்பா, "அண்ணே, சோஜு சரக்குக்குத் தொட்டுக்கவாவது வெச்சிருக்கலாம்ல" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த சுற்றுலாவுக்குக் கூப்பிட்டு முகாம்காரர்களிடமிருந்து மதியம் போன் வரும். வரமாட்டேன் என்று சொல்லாதே. நான் வேண்டுமானால் வீட்டில் இருக்கிறேன்.

இடமில்லை, பின்பக்கம் பார்.

முகாமிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நீ கண்ணை மூடியிருந்தபோது யெசுல் கேட்டாள்: "அப்பா, அம்மா குடுத்த சாப்பாட்டாலயா எனக்கு இந்த நோய் வந்துச்சு?"

"இல்லடா கண்ணு. டாக்டரே சொன்னாருல்ல, யாராலயும் வரல."

தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனாள். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் பக்கம் திரும்பி அதையே சொல்ல வாய் வரவில்லை.

அந்த நோய் உன்னால் வரவில்லை.