கல்மண்டபம் வரை வாயாலே நடந்தது

இன்று காலை மகளுக்குப் பச்சைக் கவுனின் நாடாவை முடிந்துவிடும்போது, வெந்நீரில் துவைத்த துணியும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை அடித்தது. உடனே உன் ஞாபகம்தான் வந்தது, தோழி. அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். பதினைந்து வயது. கை சில்லிட்டுக் கிடந்தது.

நாம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நமக்கும் அதே வயதுதான். கன்டெய்னர் லாரி உரசி முறிந்த என் காலில் பிளேட் வைக்கப் போகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் நீ, கை ஆபரேஷனை முடித்துக்கொண்டு, வண்ணாரப்பேட்டை வாயோடு. நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஆபரேஷன் என்றால் தெருவே பன்னும் ஹார்லிக்ஸுமாகக் கிளம்பிவிடும். "ஒண்ணியும் இல்லம்மா, ஊசிதான்" என்று சொல்லிக்கொண்டே சுற்றி நின்று மூக்கைச் சிந்தினார்கள். என்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அனுப்ப வந்தவர்கள் போலவே இருந்தது. அம்மா நர்ஸிடம் தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சினாள்.

"இன்னா, சாவு வூடா இது? அல்லாரும் வெளிய போங்க. இப்டி அழுதுகினு நின்னா அவ இன்னாத்துக்கு ஆவா?" என்று நீ போட்ட சத்தத்தில் கூட்டம் பன்னோடு வராந்தாவுக்குப் போனது.

பிறகு என் பக்கம் திரும்பினாய். "எத்த நென்ச்சு பயப்புட்ற? நெஜத்த சொல்லு."

"நடுவுல முழிச்சிக்கினா?"

எதற்குப் பயம் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. "எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்கள கேப்போம்" என்றாய். ரவுண்ட்ஸ் வந்த மயக்க மருந்து டாக்டரை மடக்கிப் பிடித்துக் கேட்டும் விட்டாய். முடியும்வரை என் தலைமாட்டிலேயே இருந்து மூச்சைக் கவனிப்பது தன் வேலை என்று அவர் சொன்னதும் பாதி பயம் இறங்கியது.

மீதியை ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்து நீ இறக்கினாய். "உங்க வூட்லேர்ந்து கல்மண்டபம் வரிக்கும் வாயாலயே நடந்து காட்டு. மெதுவா." நான் ஒவ்வொரு முனையாகச் சொல்ல, "வடக் கடைய வுட்டுட்டியே" என்று திருத்தினாய். தியேட்டருக்குள்ளும் மனதுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கல்மண்டபம் போய்ச் சேர்ந்ததாக ஞாபகம் இல்லை.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்று உறவுக்காரர்களை வாசலோடு நிறுத்திவிட்டு மகளிடம் நீ கேட்டதையே கேட்டேன், எதை நினைத்துப் பயம் என்று. "மயக்கத்துல எதனா உளறிடுவனாம்மா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரைக் கேட்டோம். உளறினாலும் அந்தப் பேச்சு தியேட்டரைத் தாண்டாது என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது பள்ளியிலிருந்து வீடுவரை நடந்து காட்டச் சொன்னேன். நடுவில் ஒரு ஜூஸ் கடை வந்தது. அங்கே தினமும் நிற்பாளாம். 'யார் கூடடி?' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். "அப்பறம்?" என்று மட்டும் கேட்டேன். கையில் சூடு வந்திருந்தது. பேசிக்கொண்டே உள்ளே போனாள்.

கதவு சாத்தியதும் பயம் என்னைப் பிடித்துக்கொள்ள, நானும் பழைய வீட்டிலிருந்து கல்மண்டபத்துக்கு வாயாலேயே நடக்கத் தொடங்கினேன். பயந்தவர்கள் பக்கத்தில் எப்படி நடப்பது என்பதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். என் பக்கத்தில் நடக்கத்தான் நீ இல்லை.