முதலை ஆற்றில் போன மீன்சட்டி

மச்சாள், அன்று அந்த ஆற்றங்கரையில் நின்றவர்கள் நீங்கள், நான், உங்கள் மகன் ரமணன், மருமகள் சுகந்தி, காட்டுக் காவலுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரி. வேறு ஒருவரும் இல்லை.

நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள், இன்று உங்கள் அந்தியேட்டிச் சாப்பாடு. வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் உங்கள் படங்களைத் திரையில் ஓடவிட்டார்கள். டார்வினுக்கு அப்பால் அந்தப் பெருங்காட்டில் எடுத்த படம் வந்ததும் ரமணன் மைக்கைப் பிடித்தான். "அம்மாவுக்கு ஊர் சுத்துறதெண்டா உயிர். நாங்கள் விடாமல் கூட்டிக்கொண்டு திரிஞ்சனாங்கள்." நான் சோற்றைத் தள்ளி வைத்தேன்.

அந்தக் காடு எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆளுயரக் கறையான் புற்றுகள். அல்லி பூத்த தண்ணீரில் வாத்துக் கூட்டம். எதிர்க்கரையில் மரக்குற்றி போல முதலைகள். "வாயைத் திறந்துகொண்டு கிடக்குதுகள், எங்கட சம்பந்தி மாதிரி" என்றீர்கள். சுகந்திக்கு முகம் கறுத்தது.

புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடிந்தது. ரமணன் காரில் சாமான் ஏற்றினான். அவன் பக்கத்தில் நின்றுதான் சுகந்தி சொன்னாள்: "மாமி, உந்தச் சட்டியை ஆத்தில அலசிப்போட்டுத் தாங்கோ. வாடகைக் கார், மணக்கும்."

முதலை அந்தக் கரையில்தானே என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம். கரையில் நின்ற இங்கிலீசு எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரிந்தவர்கள் ரமணனும் சுகந்தியும்தான்.

நீங்கள் குனிந்ததும் தண்ணீர் பிளந்து ஒரு முதலை எழும்பியது. வெள்ளைக்காரி பாய்ந்து வந்து உங்களைச் சேலையோடு இழுத்து விழுத்தினாள். சட்டி போய்விட்டது.

உங்களைத் தண்ணீருக்கு யார் அனுப்பியது என்று அவள் இங்கிலீசில் கத்தியது எனக்கே விளங்கியது.

"மாமி சொல்வழி கேக்கமாட்டா" என்றாள் சுகந்தி.

ரமணன் நிலத்தைப் பார்த்தான். பிறகு, "அம்மா, உங்களை இனி ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகேலாது" என்றான்.

சொன்னபடியே செய்தான். ஹெலன்ஸ்பர்க் கோயில் திருவிழாவுக்குக்கூட உங்களைக் காரில் ஏற்றவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களோடு எத்தனை சண்டை பிடித்தேன்! "சும்மா இரும் மச்சாள், அதுகளின்ர குடும்பம் குழம்பிப்போகும்" என்று என் வாயையும் கட்டிப்போட்டீர்கள். சாகும்வரை அந்த வீட்டு யன்னல்தான் உங்களுக்கு ஊர்.

இன்று பந்தியில் அவனைக் கேட்டேன்: "அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீ?"

"ஓம் மாமி. அதை இப்ப ஏன் கிளறுறியள்? வடை போடட்டோ?"

முதலைக்குப் பசி, அதில் எனக்குக் கோபமில்லை. சுகந்தி பயத்தில் பொய் சொன்னவள், அவளையும் விட்டுவிட்டேன். உங்கள் வயிற்றில் பிறந்து, எல்லாம் தெரிந்தும் உங்களை உள்ளே வைத்துப் பூட்டினவனை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். ரமணனை.