திருவிழாவுக்காகப் போட்ட தோள் ஊசி

இன்று காலை லஸ் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளே கதவு திறந்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். முதல் ஊசி போட்டதும் இதே கதவைத் திறந்துகொண்டு, சட்டைப் பொத்தானைக்கூட மாட்டாமல், "மச்சி, கைய பாரு!" என்று போலீஸ்காரன் மாதிரி எனக்கு ஒரு சல்யூட் அடித்தாயே, அந்த வாசனை. அதே பெஞ்சில் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் புலம்புவது என்று தெரியவில்லை. அதனால் உன்னிடம்தான் புலம்புகிறேன், கேட்டுக்கொள்.

நீ ஆட்டோ ஓட்டினாய், நான் தி.நகரில் புடவைக்கடையில் நிற்கிறேன். ஆனால் யாராவது நம்மை யார் என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான்: சாமி பல்லக்கு தூக்குகிறவர்கள். நம் கோஷ்டியில் ஆள் எடுக்கும்போது பலத்தைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேரை அருகருகே நிறுத்தி, தோள்மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைப்பார்கள். சாயாமல் நின்றால் ஜோடி. நமக்கு வைத்த குச்சி அசையவே இல்லை. அன்றிலிருந்து பல்லக்கின் முன்தண்டில் ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான்.

உனக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது முதல் ஊசிக்கு நானும்தான் கூட வந்தேன். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "ரெண்டு நாள் வலி கூடும், பயப்படாதீங்க. அப்புறம் குறையும். சிலருக்கு சில வாரம் தாங்கும், சிலருக்கு சில மாசம். வலி போச்சுன்னா தோள் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல." மரத்துப்போனது விட்டதும் வலி வந்துவிட்டது; மறுநாள் உன் முகம் வெயிலில் நின்றவன் முகம்போலச் சிவந்திருந்தது, ராத்திரி தூக்கமே இல்லை என்றாய். பிறகு வலி போயே போய்விட்டது. ஊசி போட்ட இடத்தில் தோல் மட்டும் வெளுத்து ஒரு காசளவு வட்டம் விழுந்தது. "சாமி முத்திரை குத்திட்டாரு நைனா" என்று எல்லாரிடமும் சட்டையைக் கழற்றிக் காட்டினாய். நாங்கள் சிரித்தோம்.

இரண்டாவது ஊசி அவ்வளவு நாள் தாங்கவில்லை. அடுத்ததற்கு நீ நாள் பார்த்தாய்! கொடியேற்றத்துக்கு முன்னால் போட்டால் திருவிழா முடியும்வரை வலி தெரியாது என்று கணக்கு. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பார்கள், ஊசிக்கு யாராவது பார்ப்பார்களா? ஊசி போட்டபிறகு கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் விழுங்கிவிட்டு வந்தாய். அந்தத் தடவை நீ தனியாகப் போனாய்.

மாட வீதியில் தார் கொதித்தது. வெறுங்காலோடு நடந்ததில் உன் பாதத்தில் கொப்புளம். எல்லாருக்கும் வருவதுதானே என்று மஞ்சள் அப்பிக்கொண்டாய். திருவிழா முடிந்ததும் காய்ச்சல், கால் வீக்கம், ஆஸ்பத்திரி. அங்கே வராந்தாவில்தான் உன் மனைவி கலா என்னிடம் சொன்னாள். "சுகர் இருக்கான்னு ஊசி போட்ட டாக்டர் கேட்டாராம் அண்ணே. இல்லன்னு சொல்ட்டாராம். இருக்குன்னா ஊசி போட மாட்டாங்கன்னு பயமாம்." ஊசியால்தானா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும், உனக்கு ஏற்கெனவே கூடிக் கிடந்தது, காலில் புண், எல்லாம் சேர்ந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது என்றார். பாவி, ஒரு வார்த்தைடா! இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? உன்னைப் பளாரென்று அறைய வேண்டும்போல் இருக்கிறது. எங்கே போய் அறைவேன்?

உன் இடத்துக்கு வந்தவன் நல்ல பையன்தான். ஆனால் என்னைவிட உயரம். குச்சி என் பக்கம் சாய்கிறது, பாரமும் சாய்கிறது. உன் வலி அப்படித்தான் எனக்கு வந்தது. இப்போது மேல்தட்டில் இருக்கும் புடவையை எடுக்க முடியவில்லை. சட்டை போட என் மகள் உதவுகிறாள். போதாததற்கு, போன மாதம் ரத்தம் பார்த்ததில் எனக்கும் சர்க்கரை. அடுத்த வாரம் கொடியேற்றம். கலா வேறு, "அண்ணே, நீங்க தூக்கினு வர்றத பாத்தா அவரே வர்ற மாதிரி கீது. இந்த வருசமும் வந்துடுங்க" என்று சொல்லியிருந்தாள். ஐயோ, நான் என்ன செய்வேன் சொல்.

உள்ளே கூப்பிட்டார்கள். தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார். "சுகர் இருக்கா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை என்றுதான் வாயில் வந்தது. நீ எப்படிச் சொன்னாய் என்று அப்போது எனக்குப் புரிந்தது. பொய்யென்றே தோன்றாது. ஒரு ஊசி, திருவிழா, கலா முகம், அவ்வளவுதான் கண்ணில் தெரியும். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கு சார்" என்றேன்.

விரலில் குத்திப் பார்த்தார். "இவ்ளோ இருக்கும்போது போட மாட்டேன். முதல்ல இது இறங்கட்டும், பிசியோவுக்குப் போங்க. அப்புறம் போட்டாலும் பல்லக்கு தூக்கறதுக்காகப் போட மாட்டேன்." அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அந்த வயதான டாக்டர் முன்னால் விசும்பி அழுதேன் மச்சி. வெட்கமாக இல்லை.

நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். கலா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் என்னால் தூக்க முடியாது என்று நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருக்குன்னு சொல்ட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"அந்த மனுசன் வாயில இது வரலியே அண்ணே" என்று அழுதாள். நானும் அழுதேன். அவள் எழுந்துபோய் பீரோவிலிருந்து உன் துண்டை எடுத்துவந்தாள். தண்டுக்குக் கீழே மடித்து வைப்பாயே, அதே துண்டு. மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. "சாமி வர்றப்போ இத போட்டுனு என் பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றாள்.

வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். கை உயரவில்லை. கலாதான் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து உனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அதை எடுக்கவில்லை.