சும்மா இருக்கிற அம்மா கடைந்த கிண்ணம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அப்பா நலம், டிவியும் நலம், இரண்டும் எதிரெதிரே அப்படியே இருக்கின்றன.

நீ போனில் பேசியதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும், நீ சும்மாதானேம்மா இருக்கே, டிக்கெட் போட்டுட்டேன் என்றாய். கடைசல் பட்டறைக்குப் போகிறேனே என்று சொன்னதற்கு, ரிட்டயர் ஆனப்புறம் மரம் கடையறதெல்லாம் ஒரு வேலையாம்மா என்று சிரித்தாய். வேலை இல்லைதான் ராசா, அதனால்தான் போகிறேன்.

பட்டறை சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிறது. மாலையில் ஒரு மெஷினை எனக்கு விட்டுவிடுகிறார்கள். கட்டையை மாட்டிச் சுற்றவிட்டு உளியை மெல்லக் கொடுக்க வேண்டும், அழுத்தினால் கட்டை உளியைத் தட்டிவிடும், பயந்து தொட்டால் அதிரும். முதலில் கிண்ணம் என்றுதான் ஆரம்பித்தேன், கடையக் கடைய மூடியாகிவிட்டது, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடி. நல்லாருக்கு, ரிமோட்டை வச்சுக்கலாம் என்றார் அப்பா. வைத்திருக்கிறார். முதல் நாள் அவசரமாக வந்தது, மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பட்டறைக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்து என்னக்கா, விரலா என்றார். பாத்ரூம் என்றேன். அதுக்கு ஏங்க்கா கையத் தூக்குறீங்க, கதவு தொறந்துதானே இருக்கு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் கம்பெனியில் பாத்ரூம் போக ஒரு லைனுக்கு ஒரே டோக்கன், கையைத் தூக்கிச் சூப்பர்வைசர் தலையாட்டினால்தான் எழுந்திருக்கலாம், நீ வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான்.

அங்கே முப்பது வருடம் காலர் மட்டும் தைத்தேன், ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை. போன வாரம் ஒரு கிண்ணம் முழுதாக வந்துவிட்டது. அடி கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் தண்ணீர் ஒழுகவில்லை. அடியிலிருந்து விளிம்பு வரை நானே செய்த பொருள் அது ஒன்றுதான். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உன்னைப் பாதி வளர்த்தது பக்கத்து வீட்டு அக்கா.

பேரப்பிள்ளை மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. மருமகள் வேலையை விடக் கூடாது, அதற்கு நீயும் துணையாக இரு. ஆனால் நான் வரவில்லை. நேற்று அப்பாவிடம் நீங்க போங்க என்றேன். குழந்தைய நான் எப்படிப் பாத்துக்கறது, எப்ப பாத்திருக்கேன் என்றார். அதைத்தான் நானும் சொல்றேன் என்றேன். டிவியை அணைத்தார். அப்புறம், அங்க குளிருமா என்று கேட்டார்.

அதனால் என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அவர் பேருக்கு ஒன்று போடு. அவருக்கு ஸ்வெட்டர் வாங்கி வை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பால் கலக்கவும் துணி மாற்றவும் நீதான் அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டும், அவர் வருவதற்குள் நீ கற்றுக்கொள்.

உன் அம்மா