கீபோர்டில் சந்தனம்

19.10.94, புதன்

சேலையூர் ஆபீஸில் இன்றும் கம்ப்யூட்டர் கீபோர்டு நடுவில் நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் பீப் சத்தம்தான். "கொழந்தைய மடியில வச்சிகினு பிஸ்கட்டக் கொட்டிகீறே," என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள்தான் பாப்பாவை அழைத்துப் போனேன்.

மதியம் கீபோர்டைக் கழற்றினேன். எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று அவரே குழைத்துப் பூசியது. சுரண்டித் துடைத்ததும் ஒழுங்காக ஓடியது. அவரிடம் காட்டினேன்.

"இன்னாம்மா, பழியத் தூக்கி சாமி மேலயே போடுற? நாளைலேர்ந்து நீ டைப்ரைட்டருக்கே போயிடு."

இந்தக் கம்ப்யூட்டரைக் கற்பதற்காக ஆறு மாதம் பாப்பாவை அம்மாவிடம் விட்டிருந்தேன். அப்போதுதான் அவள் நடக்கப் பழகினாள். நான் பார்க்கவில்லை.